எண்பத்தாறரை

புத்தகம் நூறு என்றது.
வெப்பமானி எண்பத்தாறரையில் நின்றது.
தண்ணீரோ
மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்தது.

உடைந்திருக்கும் என்றாள் லிட்ஸி அபாசா.
வியாழன் சந்தையில்
பழைய டயர்களுக்கும் கால் கட்டிய கோழிகளுக்கும் நடுவே
இன்னொன்று வாங்கினோம். எண்பத்தாறரை.
ரொட்டிக்கடையில் இரவல் வாங்கிய நீளக் கம்பி:
எண்பத்தாறு புள்ளி நான்கு.

மூன்று பேர் ஒரே பொய்யைச் சொன்னால்
புத்தகத்தைத்தான் விசாரிக்க வேண்டும்
என்று எழுதினேன்.
ரெமிஹியோ சார் சிவப்பில் அடித்தார்:
கருதுகோளை நாகரிகமாக எழுதவும்.

நாகரிகமாக:
உயரம் கூடக் கூடக் கொதிநிலை குறையும்.

(எனக்கு முதலில் எரிமலைதான் ஆசை.
வினிகர், சோடா, சிவப்புச் சாயம்.
இல்லிமானியை ஜன்னலில் வைத்திருப்பவர்களிடம்
அட்டை மலையை எப்படி விற்பாய்
என்று லிட்ஸி கேட்டாள்.)

அடுப்போடு கேபிள் காரில் ஏற விடவில்லை காவலர்.
அடுப்பை அவர் காலடியிலேயே விட்டோம்.
எல் ஆல்டோவிலிருந்து லா பாஸுக்குள்
இறங்க இறங்க
தேநீர் விற்பவர்களிடம் கெஞ்சல்:
காசேரித்தா, உங்கள் கெண்டியில் இதைக் கொஞ்சம் நனைக்கலாமா?

கழுவினாயா, என்றார் ஒருவர்.
நகராட்சியா, என்று
கெண்டியைப் பாவாடைக்குப் பின் மறைத்தார் இன்னொருவர்.
இரண்டு கோப்பை வாங்கினால்தான் என்றார் மூன்றாமவர்.
செலவுக் கணக்கில் அதுவும் இருக்கிறது.

சத்தெலித்தே, எண்பத்தாறரை.
பெரெஸ் வெலாஸ்கோ, எண்பத்தெட்டு.
ஒப்ராஹெஸ், எண்பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை கீழே.
மெக்காபாக்கா, தொண்ணூறரை
(மினிபஸ்; லிட்ஸிக்கு வாந்தி).

ஒரு புள்ளி மட்டும்
வரிசையில் நிற்காத பையன்போல் விலகி நின்றது.
எண்பத்து மூன்று.
அழித்துவிடலாம், யாருக்குத் தெரியும்?
ரப்பரை எடுத்தேன், வைத்தேன்.
பக்கத்தில் பொடியாக எழுதினோம்:
அந்தப் பானையில் தண்ணீர் இல்லை,
ஊதாச் சோளக் கூழ். கேட்காமல் நனைத்தது எங்கள் தவறு.

அம்மா சொன்னாள்:
இங்கே அவரை வேக அரை நாள் ஆகும்,
என்னைக் கேட்டிருக்கலாமே.
எத்தனை நிமிடம் என்றேன்.
கண்காட்சிக்கு நிமிடம் வேண்டும்,
அவளிடம் அரை நாள்தான் இருந்தது.

அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தேன்.
அது மெக்காபாக்காவில் நிற்க மாட்டேன் என்றது.
புள்ளி புள்ளியாய் நீட்டினேன்.
உயரம் சுழியமாகும் இடத்தில்
தொண்ணூற்றொன்பதே முக்காலில் போய் முட்டியது.

புத்தகம் பொய் சொல்லவில்லை.
கடற்கரையில் நின்றுகொண்டு பேசியிருக்கிறது.
நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று
கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நடுவர் பென்சிலால் அந்த முனையைத் தொட்டார்.
இங்கே சோதித்தீர்களா?

இல்லை.
எங்களுக்குக் கடல் இல்லை.

மார்ச் மாதம்தோறும் அதற்காக
முரசடித்து நடக்கிற நாடு இது; அவரும் நடந்திருப்பார்.
சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்தார்.

முதல் பரிசு ஓர் எரிமலைக்கு.

திரும்பும் வழியில் அட்டையை மடியில் விரித்து
லிட்ஸி கேட்டாள்:
கோட்டை இந்தப் பக்கமும் நீட்டினால்?
இல்லிமானிக்கு மேலே, விமானத்துக்கு மேலே,
அடுப்பே இல்லாமல்
உள்ளங்கையில் தண்ணீர் கொதிக்கும் இடம் வருமா?

தாள் தீர்ந்துவிட்டது.
பையில் பசை இருக்கிறதா என்று
தேடிக்கொண்டிருந்தாள்.