நான்கு தாடை

களியக்காவிளையில் பல்செட் கட்டுகிறேன்.
பதினாறு வருஷமாக
யார் யாரோ மெழுகில் கடித்த தடம்தான் எனக்குச் சோறு.
பாறசாலை ஹார்டுவேர் கடையில் ஸஜிமோன்
"சேச்சி, மூணு தாடையோ, நாலு தாடையோ?" என்றபோது
சிரிப்பு வந்துவிட்டது.
எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இரண்டுதான்.

லேத் வந்து ஒரு மாதம்.
குழித்துறையில் பூட்டிய பட்டறையிலிருந்து
மீன்வண்டியில் வந்தது, இன்னும் வாடை போகவில்லை.
இரு முனைக்கும் நடுவே ரப்பர்மரத்தைக் குத்தி
மூன்று பூரிக்கட்டை கடைந்தாயிற்று.
வீட்டில் போதும் என்கிறார்கள்.
கிண்ணம் குடைய
ஒரு பக்கம் மட்டும் கவ்வி
மறுபக்கத்தை எனக்கு விட்டுத்தரும் வாய் வேண்டும்.

மூன்று தாடைக்கு விலை குறைவு.
அது இரும்பைக் கடித்து வளர்ந்தது.
வெளியே நீட்டியபடி சுழன்று
விரல்முட்டியைத் தேடும்.
மரத்தை மூன்று இடத்தில் நசுக்கிவிட்டு
பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளும்.
அந்தப் புண் எனக்குத் தெரியும்:
சரியாக உட்காராத பல்செட்டுக்கு அடியில்
ஈறில் ஒரு சிவப்புப் புள்ளி.

நாலு தாடையைச் சாவி போட்டுத் திருகினேன்.
நான்கும் ஒரே நடையில் உள்ளே வந்தன.
மூடுவதற்குச் சற்று முன்பு
ஒரே ஒரு இடத்தில் மட்டும்
நான்கு வளைவும் சேர்ந்து முழு வட்டம்.
அதைத் தாண்டி விரித்தால் வெறும் மூலைகள்.
"குடும ஐம்பது மில்லி வெச்சா மதி" என்றான்.
எங்கள் பக்கம் அதற்குக் கழுந்து என்று பேர்.

மரை?
பையிலிருந்து எடுத்து நீட்டினேன்:
லேத்தின் முனையை அச்செடுத்து
பல்செட் ரோஸ் நிறத்தில் வார்த்த நகல்.
கடைப்பையன்கள் கூடிவிட்டார்கள்.
முதல் சக்கில் பால்பல் போல ஆடியது.
இரண்டாவதில்
தோள் முட்டும்வரை சத்தமில்லாமல் ஏறியது.
அது ஆயிரத்து எண்ணூறு அதிகம்.
வாங்கிவிட்டேன்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்,
இரண்டரைக் கிலோ, தொடை மரத்துப்போனது.

முந்தின நாளே கடைந்து வைத்த கழுந்தை
ராத்திரி தாடைக்குள் வைத்தேன்.
கிளினிக்கின் நீலத்தாளை நான்காகக் கிழித்து
இடையில் செருகி
டாக்டர் சொல்வதுபோல் சொன்னேன்:
"மெதுவா கடிங்க."

எதிரெதிர் இரண்டில் அழுத்தமான நீலம்.
மற்ற இரண்டில் பொடி ஒட்டியதோடு சரி.

நேற்று வட்டம்தான்.
பச்சை ரப்பர்மரம்
ஒரே ராத்திரியில் முட்டையாகியிருக்கிறது.

எந்தப் பல்செட் திரும்பி வந்தாலும்
"அவங்க தாடை அப்படி" என்று சொல்லி வந்தவள்
உளியைத் தேடினேன்.