கை வைத்த கப்பல்

புந்தா அரேனாஸில் காற்று பலத்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
வங்கி மேலாளரும் நிறைமாதக் கர்ப்பிணியும்
ஒரே கயிற்றைப் பிடித்துத்தான் கடக்கவேண்டும்.

அது கயிறு கட்டிய நாள்.
பதினெட்டுப் பேரில் பதினொருவர் வந்திருந்தார்கள்.
"காற்றை வரையுங்கள்" என்றேன்.
வேறெதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை,
அதுதான் உண்மை.

"காத்து என்ன நிறம்?" என்றாள் யாஸ்னா.
"நிறத்துக்கு இங்கே என்ன வேலை?" என்றாள் அயெலென்.
பிறவியிலேயே பார்வையில்லாதவளுக்கு
இந்த ஒரு தலைப்பில்
வகுப்பில் எவரைவிடவும் ஒரு சாண்கூடக் குறையில்லை.
சணல் கேட்டாள், பசை கேட்டாள்.
அட்டையின் இரு ஓரத்திலும் ஒட்டி
விறைப்பாய் இழுத்துக் கட்டினாள்.
"தளர்ந்தா சத்தம் வராது."
விரலால் சுண்டினாள்.
தெருமுனைக் கயிறு முனகுமே, அது.

ஓமெரோ காதடைப்பானைக் கழற்றவில்லை.
ஜன்னல் இடுக்கில் தாளைச் செருகிவிட்டு
அது படபடப்பதையே நாற்பது நிமிடம் பார்த்தான்.
கிழிந்ததும் கொண்டுவந்து கொடுத்தான்.
ஒட்டுவதற்குப் பசைக்குச்சியை எடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்த்துவிட்டு
மூடி வைத்தேன்.

லியென்தூர் விஷயத்துக்கு வருகிறேன்.
வரத் தயங்கித்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

போன நவம்பர் கண்காட்சிக்கு அவன் ஒரு கப்பல் வரைந்தான்.
வரைந்தான் என்பது என் வாய் சொல்வது.
இழுபடும் அவன் விரல்கள்மேல் என் விரல்கள்.
பாய்மரம் கம்பாய் நின்றது.
அடிவானம் ஸ்கேல் வைத்தாற்போல.
சட்டம் போட்டு மாட்டினோம்,
தலைமையாசிரியர் கைதட்டினார்.

அவன் அம்மா ஜோவீதா
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து
ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.
வெகுநேரம் நின்றாள்.
"கப்பல் நல்லா இருக்கு.
இதுல இவன் எங்கே?"
கோபமில்லை.
தொலைந்த கையுறையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

கை கொடுப்பதற்கும் கை வைப்பதற்கும் நடுவில்
எத்தனை அங்குலம் என்று
எந்தப் பயிற்சி முகாமிலும்
எனக்கு அளந்து காட்டவில்லை.

இந்த முறை தூரிகையை
சைக்கிள் டியூப்பால் அவன் மணிக்கட்டில் கட்டினேன்.
நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன்.
பிறகு என் இரண்டு கைகளையும்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
உள்ளே ஒரு பழைய பஸ் டிக்கெட்.
அதைக் கசக்கிக்கொண்டே இருந்தேன்.

வலப்பக்கத்திலிருந்து வந்தது கோடு.
அவன் தோள் அப்படித்தான் இழுக்கும்.
நின்றது, துள்ளியது, திரும்பி வந்தது,
தாளின் ஓரத்தைத் தாண்டியது,
மேசையைக் கடந்தது,
யாஸ்னா வரைந்துகொண்டிருந்த வீட்டின்
கூரைமேல் ஏறியது.

"மிஸ்!"

பைக்குள் டிக்கெட் இரண்டாய்க் கிழிந்தது.
நான் எழவில்லை.

யாஸ்னா அவனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.
"என் புகை இந்தப் பக்கம் போகுது,
உன் காத்து அந்தப் பக்கம் அடிக்குது.
ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு."
அவன் சிரித்தான். அவன் சிரித்தால்
உடம்பு மொத்தமும் சிரிக்கும்,
தூரிகையும் சேர்ந்து.
இன்னும் இரண்டு கோடுகள் விழுந்தன.
திட்டிக்கொண்டே அவள்
புகையைத் திருப்பிப் போட்டாள்.

மேசைக் கறை போகவில்லை என்று
எதெல்மீரா துடைப்பத்தோடு நின்று கத்தினாள்.
அவள் கத்தியதும் நியாயம்தான்.

மதிப்பீட்டுத் தாளில் ஒரு கட்டம்:
'உதவி: முழுமை, பகுதி, இல்லை.'
டியூப்பைக் கட்டியது நான்.
தண்ணீர் மாற்றி வைத்தது ஓமெரோ.
கூரை கொடுத்தது யாஸ்னா.
பேனாவை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன்.
கையில் சாயமே இல்லை.
பழக்கதோஷம், கழுவினேன்.

ஜோவீதா இன்னும் வந்து பார்க்கவில்லை.
வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஷிஃப்ட் மாறும்.

வீடு திரும்பும்போது முனையில் கயிற்றைப் பிடித்தேன்.
காதை ஒட்டி வைத்தேன்.
அயெலென் கட்டியது
இதைவிட அரைச் சுருதி கூட.