நகம் சிக்குகிறதா

கண்ணாடி விஷயத்தில் கண்ணை நம்பாதே.
நகத்தை வை,
கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழு.
வழுக்கினால் எனக்கு வேலை உண்டு.
சிக்கினால்
கண்ணாடி மாற்றுகிறவனைக் கூப்பிடு.

தார்து நகரம், அன்னெலின் குடியிருப்பு,
ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஹெல்வி கதவைத் திறந்ததும் புதினா மணந்தது.
ஒரு ட்யூப் பற்பசையை முழுக்கத் தேய்த்துப்
பார்த்திருக்கிறாள்.
சமையலறை ஜன்னல் பல் விளக்கிய முகமாய்
அசட்டுத்தனமாகப் பளபளத்தது.

"இப்போது தெரியாது," என்றாள்.
"இரண்டரை மணிக்கு வெயில் சாயும்.
இருபது நிமிடம்தான்."
பிப்ரவரி.
கறுப்பு ரொட்டியும் காப்பியும் வைத்துக்கொண்டு
இரண்டு பேரும்
ஒரு கீறலுக்காகக் காத்திருந்தோம்.

கடன்காரனைப்போல் சொன்ன நேரத்துக்கு
வந்தது வெயில்.
கண்ணாடியில் இரண்டு கோடுகள்:
ஒன்று முடி,
ஒன்று நூல்.
முடி வழுக்கியது. நூல் சிக்கியது.

"எதனால் கீறியது?"
தொழிலுக்காகக் கேட்பதுதான்.
"மோதிரத்தால்.
மார்குஸ் போட்டுவிட்ட அன்று ராத்திரி,
அவன் தூங்கின பிறகு.
வைரமென்றால் கண்ணாடியை அறுக்குமாமே.
அறுத்தது."

"இரண்டாவது கோடு?"
"முதல் தடவை நான் நம்பவில்லை."

ஒன்பது வருடம் கழித்து
அடகுக்கடைக்காரன் சொன்னானாம்:
வெறும் கல்.
கண்ணாடியைக் கீறியதே என்று இவள் கத்த,
அவன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு,
"அம்மணி,
செருப்பில் ஒட்டின மணலும்தான் கீறும்."

நான் சிரிக்கவில்லை.
சீரியம் ஆக்சைடை கேஃபிர் பதத்துக்குக் குழைத்தேன்.
கோட்டின் பின்பக்கம்
அடையாளத்துக்கு மார்க்கரால் ஒரு வட்டம்.
கம்பளி வட்டு மெதுவாகச் சுழன்றது.
தண்ணீர் தெளி, தொட்டுப் பார், சூடானால் நிறுத்து.
அவசரப்பட்டால் விரிசல் விடும்.
வெயில் எப்போதோ போயிருந்தது.
அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள்,
கை நடுங்காமல்.

ஜனங்கள் நினைப்பதுபோல்
கீறலை யாரும் நிரப்புவதில்லை.
சுற்றியிருக்கும் நல்ல கண்ணாடியைத்தான்
கீறலின் ஆழத்துக்குத்
தேய்த்து இறக்குகிறோம்.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
அவளிடம் சொன்னேன்.
"ஒன்பது வருடம்
நானும் அதைத்தானே செய்தேன்,"
என்று டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஐம்பது நிமிடத்தில் முடி போய்விட்டது.
துடைத்துவிட்டுப் பார்த்தால்
எதிர்க் கட்டடத்துப் புகைபோக்கி
அந்த ஒரு இடத்தில் மட்டும்
லேசாக நெளிகிறது.
சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்.
ஹெல்வி தலையை இடமும் வலமும் ஆட்டி
புகைபோக்கியை நாலைந்து தடவை ஆடவிட்டுப் பார்த்தாள்.
பிடித்திருந்தது போலும்.

"நூல்?"
"போகாது. அழுத்தியிருக்கிறீர்கள்."
"ஆமாம்," என்றாள். "நன்றாகவே அழுத்தினேன்."

அப்புறம் பர்ஸைத் திறந்துகொண்டே,
"இரண்டு கோட்டில் ஒன்றுதான் போயிருக்கிறது.
பாதிப் பணம்தானே?"

அரை மணி நேரம் பேரம்.
முப்பத்தைந்து யூரோவும்
மீதி ரொட்டியும்.

படியிறங்கும்போது
பையிலிருந்த சாவிக்கொத்து
கைபேசித் திரையில் உரசும் சத்தம் கேட்டது.
எடுத்து நகம் வைத்துப் பார்த்தேன்.
மூன்றாம் மாடியில் விளக்கு எரியவில்லை.
வழுக்கிய மாதிரிதான் இருந்தது.