காலிக் கட்டம்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தை,
அதிகாலை நாலே கால்.
முப்பத்தொன்றாம் எண் கமிஷன் கடையில்
பில் போடும் கணினி
ஒரு பத்தி சிவப்பு எழுத்தைக் கக்கிவிட்டு
உட்கார்ந்துவிட்டது.

"ஜாவா" என்றான் இருதயராஜ்,
இழவு சொல்கிற தொனியில்.
வணக்கம் சொல்ல ஐந்து வரி கேட்கிற மொழி.
பைத்தான் என்றால் வாசலில் நின்று கூப்பிட்டால் போதும்.
இதற்குப் பத்திரிகை, தாம்பூலம், பந்தக்கால்.

நான் விடவில்லை.
பதினாலு வருடமாக ஓடுகிறது,
மூன்று கணினி மாறியாயிற்று, இரண்டு முதலாளி,
ஒரு வரி மாற்றவில்லை.
எடை கேட்ட இடத்தில் எழுத்தைப் போட்டால்
கூடையை ஏற்றும் முன்பே மறிக்கும் இது.
உன்னுடையது
திருமங்கலம் தாண்டித்தான் வாய் திறக்கும்.

குப்பை அள்ளுவதற்கு
உலகத்தையே நிறுத்துமே, அது? என்றான்.
பின்னால் மாநகராட்சி வண்டி
முந்தாநாள் வாடலை அள்ளிக்கொண்டிருந்தது,
யாரையும் நிறுத்தாமல்.
மோவாயால் காட்டினான்.
பதில் இல்லை. டீ இருந்தது. குடித்தேன்.

சிவப்புப் பத்தியை
அடியிலிருந்து மேலே படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரி
கணவர் பெயரின் நீளத்தை அளக்கப் போயிருக்கிறது.
அளக்க அங்கே பெயர் இல்லை.

"அவன் பேரு வேணாம்னு நாந்தேன் சொன்னேன்"
என்றாள் ஒச்சம்மா,
உசிலம்பட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோ மல்லிகையோடு
முதல் பஸ்ஸில் வந்தவள்.
"பூ என்னோடது."

இல்லாததற்கும் வேடம் கட்டி
உள்ளே விடுகிறது பார், மொழியின் குற்றம் என்றான்.
எழுதியவன் குற்றம் என்றேன், ஓங்கியே.
மேலே குறிப்பில்
எழுதியவன் பெயர் இருந்தது.
என் பெயர்.

இருபத்து மூன்று வயதில்
எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கட்டம்
நிரம்பித்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறேன்.
இத்தனை வருடம் எத்தனை பேர்
ஏதோ ஒரு பெயரைச் சொல்லி ஒப்பேற்றினார்களோ.

ஒரே ஒரு 'இருந்தால்' சேர்த்தேன்.
கிர்ரென்று வந்தது பில்.

பதினோரு நிமிடம்.
அதற்குள் நிலக்கோட்டை லாரி இறங்கி
கிலோவுக்கு எண்பது விழுந்திருந்தது.

காலியாக இருக்கலாமா என்று
முதலிலேயே கேட்டுக்கொள்ளும் கோட்லின், என்று
இருதயராஜ் தொடங்கினான்.
ஒச்சம்மா சீட்டை நாலாக மடித்தாள்.
"அந்த எம்பது ரூவாய
எந்த மொழியில கேக்கணும், தம்பி?"

இருவரும்
திரையைப் பார்த்தோம்.