எட்டு விழுக்காடு

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்று நாற்பது.
தஞ்சோங் பகாரில் பதினேழாம் மாடி.
வரி ஏறும் கணத்தில் யாராவது விழித்திருக்க வேண்டுமாம்.
பிள்ளை இல்லாதவள், நான் இருந்தேன்.
பட்டாசுப் புகை ஆகாத ஹுய் மின்னும் இருந்தாள்.

கணக்கு என்னவோ எளிதுதான்:
விலை ஒன்று, விழுக்காடு ஒன்று,
இரண்டும் வந்து சேர்ந்தால் ரசீது.
விலை நொடிக்கு நொடி வேறு.
விழுக்காடு ஆண்டுக்கொருமுறை அசைந்தால் அதிகம்.
ஆகவே போன ஜனவரியில் நான்தான்
எட்டை மட்டும் முன்கூட்டி ஊட்டி,
விலைக்கு வாய் திறந்தபடி
ஒரு சார்பை நிறுத்திவைத்தேன்.
சார்பு. பெயரே அப்படி,
சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும் அதற்கு.

உயர்நிலை மூன்றில் இதை வேறு பெயரில் படித்தேன்.
'வந்து' என்று எழுதிப் பேனாவை எடுத்துவிட்டால்
யார், வந்து என்ன ஆயிற்று என்று
வாக்கியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
வினையெச்சம்.
அந்தக் கேள்வியில் எனக்கு
ஐந்து மதிப்பெண் போயிற்று.

பன்னிரண்டு.
மரினா பே பக்கம் வானம் பச்சையாகிச் சிவந்தது,
கண்ணாடி அதிர்ந்தது.
கோப்பில் ஒன்பது என்று மாற்றினோம்.
திரையில் முதல் ரசீது: எட்டு.
அடுத்தது: எட்டு.
ஜூரோங்கில் யாரோ அந்நேரத்தில் வாங்கிய பால்மாவு,
அதுவும் எட்டு.

ஹுய் மின் கேட்குமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.
கோப்பைத் திருத்தி என்ன?
ஊட்டிய எட்டு அதன் வயிற்றில் இருக்கிறது.
அது திரும்பிப் பார்ப்பதில்லை.
கட்டிய நேரத்தில் உலகம் எப்படி இருந்ததோ
அதுதான் அதற்கு உலகம்.
பொய் சொல்லவில்லை அது,
சொன்னதை வைத்திருக்கிறது.
உள்ளே கைவிட்டு மாற்ற வழியில்லை,
கலைத்துவிட்டுப் புதிதாய்க் கட்டினேன்.
நாலு நிமிடம், இருநூற்றுப் பதினோரு ரசீது.
ஒரு விழுக்காடுதானே, கம்பெனி தாங்கும்.

காலை ஆறரை, தோ பாயோ, புளோக்குக்கு அடியில்.
கோப்பிக் கடைப் பெண் என் தலையைக் கண்டதும்
கேட்காமலே ஊற்றினாள்:
ஒரு கோப்பி ஓ கோசோங்,
ஒரு தே சி.
இரண்டு பை, இரண்டு சிவப்புக் கயிறு.
யுகேந்திரன் பொங்கோலுக்கு மாறிப் போய்
ஒன்பது வாரம்.
ஒன்பது வாரமாய் இரண்டுக்கும் காசு கொடுத்து,
தே சி-யைப் படிக்கட்டுச் சாக்கடையில் ஊற்றிவிட்டு
மேலே போகிறவள் நான்.

இன்று ஒரு விரலைக் காட்டினேன்.

அவள் கை நின்றது.
என் பின்னால் பார்த்தாள், பிறகு என்னை.
ஒன்றுக்கு மட்டும் காசை எடுத்துக்கொண்டு
இரண்டையும் என் பக்கம் தள்ளினாள்.
"ஹேப்பி நியூ இயர் லா."

இரு கையிலும் சூடு.
மின்தூக்கிப் பொத்தானை முழங்கையால் அழுத்தி