தன் எடையில் விழுவது

இரவு பதினொன்றுக்கு மேல்
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
தக்காளி லாரிகள் எஞ்சினை அணைத்த பிறகுதான்
அது கேட்டது:
மேசைமேல் சர்வோவின் முனகல்.
குச்சியை நான் தொடவில்லை.
வால் அசையவில்லை.
அசையாத எதையோ அது தள்ளிக்கொண்டிருந்தது,
பூட்டிய கதவைத் தோளால் தள்ளுகிறவன் மாதிரி.

பகலில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன்.
சுவரில் எழுத்துப் பலகை இரண்டு,
ஒன்று தமிழ், ஒன்று மலையாளம்.
இரண்டிலும் கடைசி வரி யாருக்கும் தெரிவதில்லை.
கண்ணாடிக் காதில் திருகாணி ஏற்றும் கருவிகளால்தான்
வாலின் கொம்பிலும் துளை போடுகிறேன்.
கம்பி ஒன்றரை மில்லி. துளையும் ஒன்றரை.
மயிரளவு பெரிதானால்
விரல் சொல்லி முடித்தபின் வால் யோசிக்கும்.
சிறிதானால் இந்த முனகல்.

போன விமானம் மாசியில்
கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால்
அறுத்த வயலில் மூக்குக் குத்தியது.
குச்சி சிவதாசன் கையில் இருந்தது.
"காற்றாணு ஷமீலா, வேறொண்ணுமில்லா."
நானும் காற்று என்றேன்.
சிதறிய பல்சாவை உரச்சாக்கில் அள்ளினோம்.
அதன்பிறகு அவர் பிடித்து எறிவதோடு சரி,
பறக்க விடுவது நான்.
ஆனைவண்டி ஓட்டுகிற மனிதர்,
அட்டப்பாடி வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்புகிறவர்,
கை பழையபடி இல்லை என்று
வீட்டில் சொன்னாராம்.

அந்தச் சாக்கை நேற்றுத்தான் பிரித்தேன்,
பழைய கொம்பு உதவுமே என்று.
கம்பி ஓடும் நைலான் குழாயில்,
இரண்டாவது தடுப்பருகே,
உள்ளே கசிந்து உறைந்திருந்தது
கடுகளவு பசை.
கம்பி அங்கே வந்து திக்கும், தாண்டும்,
திரும்பும்போது நின்றுவிடும்.
கீழே பார் என்றது வாலுக்குக் கேட்டது.
போதும் என்றது கேட்கவில்லை.
குழாயை ஒட்டியது நான்.

கொக்கியைக் கழற்றினேன்.
புதிய வாலை விரலால் தூக்கி விட்டேன்.
தன் எடையிலேயே விழ வேண்டும்.
பாதியில் நின்றது.
நடுக்கீல் ஒரு நூல் விலகியிருந்தது;
அறுத்தேன், நேராக்கினேன், காயும்வரை கடிகாரம் பார்த்தேன்.
தூக்கி விட்டேன். விழுந்தது.
விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினால்
குழாயிலிருந்து கம்பி தானே வழுக்கி வந்தது,
உறையிலிருந்து கண்ணாடி வருவது போல.
கொம்பின் துளை கீல்கோட்டுக்கு நேர்மேலே.
சர்வோவின் பல்லில் முதல் கை சாய்ந்தது,
இரண்டாவதும் சாய்ந்தது,
மூன்றாவதைத் தரையில் தேடி எடுக்கவேண்டியதாயிற்று.
அது செங்குத்தாக உட்கார்ந்தது.
சர்வோ பக்கம் உள்துளை, கொம்புப் பக்கம் வெளித்துளை,
நடுவில் எங்கும் வளையாத கம்பி.
கொக்கியை மாட்டினேன்.

முனகல் இல்லை.
சாவடியில் யாரோ இருமினார்கள்.
பல்லி பேசியது.
மணி இரண்டேகால்.

காலையில் குவாரிக்குப் பின்னாலுள்ள தரிசில்
மேற்குக் காற்று முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.
குழாயை அவரிடம் நீட்டினேன்.
"காத்து இல்லை. என் பசை."
ஒரு கண்ணை மூடி
அதற்குள் வானத்தைப் பார்த்தார்.
வானம் முழுதாக வந்திருக்காது.
குழாயைச் சட்டைப் பையில் செருகினார்.
"ஆறு மாசம்," என்றார்,
என்னைப் பார்க்காமல்.

பிறகு என் கழுத்திலிருந்த வாரைக் கழற்றித்
தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.
குச்சியை மயிரளவு தொட்டார்.
வால் மயிரளவு எழுந்தது.
விட்டார். வந்தது.
இன்னொருமுறை.
இன்னொருமுறை.
"எறி," என்றார்.

நான் எறிந்தேன்.
காற்று அதை ஒருமுறை உலுக்கிப் பார்த்தது.
வால் கண்சிமிட்டும் நேரத்தில் சரிசெய்தது,
சொன்ன அளவு, அதற்குமேல் இல்லை.
பனைகளுக்கு மேலே அகலமாய் ஒரு வட்டம்,
பிறகு தாழ்வாய், என் தலைக்கு மிகப் பக்கமாய் ஒன்று,
வேண்டுமென்றேதான்.

பாட்டரி கூவும் வரை
குச்சியை அவர் என்னிடம் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.