சேதாரம்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பதினேழு வருஷமாக எடை போடுகிறேன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு,
ஃபேன் காற்று பட்டாலே
கடைசி எண் நடுங்கும்.
கட்டியாக இவ்வளவு கொடுத்தோம்,
கொலுசாக இவ்வளவு வந்தது,
மீதி சேதாரம்.
அதற்கும் கணக்கு உண்டு.
கூட்டிய குப்பை,
கை கழுவிய தண்ணீரின் வண்டல்,
உட்கார்ந்து கிழிந்த கோணிச் சாக்கு,
எல்லாவற்றையும் எரித்து உருக்கி
அரைக் கிராமையும் பிடித்துவிடுவார் முதலாளி.

என்னை மட்டும் எடை போட்டதில்லை.

கீழே குடோனில் மூட்டை ஏற்றும் எடைமேடை.
ஒரு நாள் சாவி கொடுக்கப் போனபோது
யாரும் இல்லை.
செருப்பைக் கழற்றினேன்.
கைப்பையைக் கீழே வைத்தேன்.
அப்புறம், சிரிக்காதீர்கள்,
கண்ணாடி வளையலையும் கழற்றினேன்.
தொண்ணூற்று நாலு கிலோ அறுநூறு.

ஆஸ்பத்திரியில் பிரிசில்லா சிஸ்டர் விரலில் குத்தி
"ஓரத்துல நிக்குது இந்திராணிக்கா,
இன்னும் விழல" என்றாள்.
சர்க்கரையைத்தான் சொன்னாள்.

ஒன்பதுக்குக் கடை சாத்தினால் மாதையன் வண்டி.
தட்டுவடை, மேலே துருவிய பீட்ரூட், கேரட்,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
அதை மூட இன்னொரு தட்டுவடை.
செட்டுக்கு ஐந்து. எனக்கு மூன்று செட்.
வீட்டுக்குப் பொட்டலமாக நொறுக்கல்.
மகன் ஓசூர் வேலைக்குப் போனபின்
ஆரம்பித்த கணக்கு.
கதவைத் திறந்தால்
ஃப்ரிட்ஜ் மட்டும் முனகும்.
மெல்லுகிற சத்தத்தில்
அது கேட்காமல் போகும்.
பசி இருந்த இடம் காது என்று
தெரிய நாலு வருஷம் ஆயிற்று.

சிஸ்டர் எழுதித் தந்த தாளை
ஆணியில் மாட்டினேன்.
கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு.
சாமைச் சோறு, ஒரு கரண்டி குறைத்து.
எட்டுக்குள் ராத்திரிச் சாப்பாடு.
எட்டு மணிக்கு நான் பட்டறையில் இருப்பது
தாளுக்குத் தெரியாது.
தூக்குச்சட்டியைக் கொண்டுபோய்
தராசு பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.
முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஃபேன்
என் பக்கம் திரும்பியிருந்தது.

விடியலில் மூக்கனேரிக் கரை.
முதல் வாரம் பாதியிலேயே உட்கார்ந்து
நீர்க்காகம் இறக்கை காயவைப்பதைப் பார்த்தேன்.
எதிரே சேர்வராயன் மலை
மேகத்தில் பாதியைத் தின்றுவிட்டு
பாதியை மிச்சம் வைத்திருந்தது.
நடக்க நடக்கத் தூக்கம் வந்தது,
வரவேண்டிய நேரத்தில்.
காரணம் சொல்லாமல் வந்துபோன அழுகை
வாரத்துக்கு ஒன்றாகி
பிறகு எப்போதாவது.
இதை எழுதத் தாளில் கட்டமே இல்லை.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை.
கூழ், கொழுக்கட்டை, மகன், பிரியாணி.
பத்தே நாளில் இரண்டு கிலோ திரும்பி வந்து
பெட்டி படுக்கையோடு உட்கார்ந்தது.
திட்டவில்லை.
மறுநாள் அதையும் கரைக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது எண்பத்து மூன்று இருநூறு.
போன ஞாயிறு அடிவாரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு
ஏற்காட்டு ரோட்டில் நடந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவில் இரண்டு.
கட்டைச்சுவரில் ஒரு குரங்கு
என் பையிலிருந்த வெள்ளரிக்காயை
என்னைவிட ஆசையாகப் பார்த்தது.

பதினொரு கிலோ நானூறு கிராம்
எங்கே போயிருக்கும்?
கரை மண்ணையெல்லாம் கூட்டி எரித்தாலும்
திரும்பக் கிடைக்காது.
பதினேழு வருஷத்தில்
யாரும் கணக்குக் கேட்காத சேதாரம்.

சனிக்கிழமை மட்டும் மாதையனிடம் ஒரு செட்.
"உடம்புக்கு முடியலையாக்கா?" என்றான் முதலில்.
இப்போது கேட்பதில்லை,
பீட்ரூட்டை ஒரு கைப்பிடி கூட வைக்கிறான்.
நின்றபடி, மெதுவாக.
தட்டு காலி.
இன்னொன்று வேண்டுமா என்று
காதைக் கேட்கிறேன்.
எதிர்ச் சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள்.
கிளீனர் பையன் பாடியைத் தட்டித் தட்டி
வரலாம், வரலாம் என்கிறான்.